பூமணியைக் கரைசேர்த்த மறுகா அக்கா

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட எந்தக் கதையும் முடியவில்லை என்று முழு மனதோடு நம்பிய ஒரே மனுசியை எனக்குத் தெரியும். அவவுக்கு நாங்கள் வைத்த பெயர் மறுகா அக்கா. மட்டக்களப்புக்கு வெளியே இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கத்தில் 'மறுகா' என்றால் 'பிறகு'. யார் எதைச் சொல்லி முடித்தாலும், அவர்கள் முடித்த இடத்தில் அக்காவின் கேள்வி தொடங்கும். "மறுகா?"

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய வீட்டில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறை கொடுத்து, சமைத்தும் போட்டுக்கொண்டிருந்தா. நான் வெல்லாவெளிக்காரி. டவுனில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை கிடைத்தபோது அங்கே போய்ச் சேர்ந்தேன். அடுத்த அறையில் ஓட்டமாவடியைச் சேர்ந்த பர்ஹானா இருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. நாள் முழுக்க இரத்தத்தைப் பார்த்தும் பயப்படாத பர்ஹானா, பின்னேரம் வீட்டுக்கு வந்து அக்காவின் முகத்தைப் பார்த்துப் பயப்படுவாள்.

அக்காவுக்குப் பயம் என்பது ஒரு முழுநேர உத்தியோகம். காஸ் சிலிண்டர் கசிகிறதா என்று மோந்து பார்ப்பா. பிறகு, மோந்து பார்த்ததால் தலை சுற்றுகிறதோ என்று கவலைப்படுவா. மீன் பொரித்தால் தட்டு வைக்கும் முன்பே முள்ளைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடக்கும். கல்லடிப் பக்கம் ஐஸ்கிறீம் குடிக்கப் போனால், பாலத்தைக் கடந்ததும் போனில் ஒரு கோல், குடித்து முடித்ததும் ஒரு கோல், திரும்ப வெளிக்கிட்டதும் ஒரு கோல் எடுக்க வேண்டும். மாரியில் முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடுவதா வேண்டாமா என்று மாவட்டக் கச்சேரியில் கூட்டம் போடும் அதிகாரிகள் கவலைப்படத் தொடங்கும்போது, அக்கா அந்தக் கவலையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பா.

ஒருமுறை பர்ஹானா ஊருக்குப் போய் இறங்கியதும் அறிவிக்க மறந்துபோனாள். அக்கா அவளுடைய உம்மாவுக்குக் கோல் எடுத்து, மாமிக்கு எடுத்து, அவர்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரின் நம்பரையும் எங்கேயோ தேடிப்பிடித்து அவருக்கும் எடுத்துவிட்டா. பர்ஹானா வீட்டு வாசலில் கால் வைத்தபோது ஏதோ சாவீடு போலச் சனம் கூடி நின்றதாம். நடந்து வந்தவளைப் பார்த்து இரண்டு பேர் அழுதார்களாம்.

ஏன் இப்படி என்று நாங்கள் அவவிடம் கேட்டதில்லை. தனி ஆள், ஐம்பதைத் தாண்டிய வயது. யுத்தமும் சுனாமியும் கண்ட எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர் ஒருவர், போனவர் வந்து சேர்ந்தாரா என்று கவலைப்பட்டால், காரணம் கேட்கிற வழக்கம் இல்லை.

அக்காவிடம் வாய்தவறி எதையும் சொல்லிவிடக்கூடாது என்பதை நான் மெதுவாகத்தான் படித்தேன். ஒரு சனிக்கிழமை காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண், கலியாணச் சாறியின் நிறம் பிடிக்காமல் தாயோடு கோபித்து அழுதுகொண்டிருந்தாள். தேத்தண்ணி குடிக்கும்போது பொழுதுபோக்காக அதைச் சொன்னேன்.

"மறுகா?" என்றா அக்கா.

மறுகா எனக்குத் தெரியாது, நான் தலையணை உறை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. அழுகிற பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் பஸ் ஏறி வந்தாய் என்கிற மாதிரிப் பார்த்தா. திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது அக்கா வெளிச் சாறியோடு குசினியில் நின்றா. காத்தான்குடிக்குப் போய், அந்தக் கடையைக் கண்டுபிடித்து, விசாரித்துவிட்டு வந்திருக்கிறா. கடைக்கார நானா முதலில் அவவைப் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்து, பிறகு மாப்பிள்ளை வீட்டு உளவு என்று நினைத்து, கடைசியில் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டாராம்.

"பச்சை எடுத்திரிக்கா புள்ள. நல்ல நிறம்தான்," என்று சொல்லிவிட்டு அக்கா நிம்மதியாக வெங்காயம் உரிக்கத் தொடங்கினா.

இப்படிப்பட்டவவின் கையில் ஒரு நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தது பர்ஹானா செய்த வேலை. தொலைக்காட்சித் தொடர் பார்க்க அக்காவுக்கு ஏலாது. ஒருநாள் பார்த்ததில் வேலைக்காரப் பெண்ணுக்கு எண்ணெய் பட்டுக் கை சுட்டதாம். அது ஆறியதா என்று அதன் பிறகு யாருமே கதைக்கவில்லை என்று கோபித்துத் தொலைக்காட்சிக்குத் துணி போட்டு மூடிவிட்டா. புத்தகம் என்றால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள் பர்ஹானா, பாவம்.

அது எங்கள் பகுதியில் அநேகமாக எல்லாரும் வாசித்த ஒரு பழைய நாவல். எழுதியவர் காலமாகிப் பல வருசம். பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஏனென்று போகப் போக விளங்கும். ஒரு போடியார், அதாவது பெரிய வயல்காரர். அவருடைய மகள் வாவிக்கு அக்கரையில் படிப்பிக்கும் ஒரு வாத்தியாரை விரும்புகிறாள். வீட்டில் காவல் போட்டுவிடுகிறார்கள். மகள் தன் வேலைக்காரப் பெண் பூமணியிடம் ஒரு செய்தி சொல்லி, கொட்டுகிற மழையில் வள்ளத்தில் ஏற்றி அனுப்புகிறாள். அடுத்த அத்தியாயத்தில் வாத்தியாருக்குச் செய்தி கிடைத்துவிட்டது. பிறகு சண்டை, சமாதானம், கலியாணம். கடைசிப் பக்கத்தில் அழாதவர்களை நான் கண்டதில்லை.

அக்கா அழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, புத்தகத்தோடு வந்து மேசை முனையில் நின்றா.

"பூமணி எங்க?"

எந்தப் பூமணி என்று கேட்டேன். நான் அந்தப் புத்தகத்தைப் பலதரம் வாசித்தவள். உண்மையாகவே எனக்கு அந்தப் பெயர் நினைவில் இல்லை. அக்கா பக்கத்தைத் திறந்து காட்டினா. மழை, வள்ளம், பூமணி, எல்லாம் இருந்தது. பர்ஹானா அடுத்த பக்கங்களைப் புரட்டினாள். நான் பின்னாலிருந்து முன்னுக்குப் புரட்டினேன். சோறு ஆறியது. பூமணி இல்லை. வள்ளத்தில் ஏறினாள், செய்தி போய்ச் சேர்ந்தது, அவள் என்ன ஆனாள் என்று ஒரு வரி இல்லை. கலியாண வீட்டில் பந்தி பரிமாறக்கூட அவள் வரவில்லை.

அது கதைதானே என்று பர்ஹானா சமாதானம் சொல்லப் பார்த்தாள்.

"கதையெண்டா?" என்றா அக்கா. "மழைக்குள்ள வள்ளத்துல ஏத்தி அனுப்பின ஒரு பொம்புளப் புள்ள. வந்து சேந்தாளா இல்லையா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. அந்தப் போடியார்ர மகளும் கேக்கல்ல. எழுதின மனுசனும் கேக்கல்ல. படிச்ச நீங்களும் கேக்கல்ல."

அன்றைக்கு அவ சாப்பிடவில்லை. அடுத்த நாள் கறிக்கு உப்பில்லை. அதற்கடுத்த நாள் இரட்டை உப்பு. பிரஷர் ஏறிவிட்டது என்று பர்ஹானா சொன்னாள். ஆய்வுகூடக்காரி சொல்கிறாள், பொய்யாக இருக்காது. கடைசியில் அவள்தான் பகிடியாகச் சொன்னாள், அப்படியென்றால் பூமணி வந்து சேர்ந்தாள் என்று நீங்களே எழுதிவிடுங்கள் அக்கா என்று.

அக்கா பகிடியைப் பகிடியாக எடுத்த சரித்திரம் இல்லை. குசினியில் நின்றபடி, ஒற்றை விரலால், போனில் எழுதத் தொடங்கினா. சோறு கொதிக்கும்போது ஒரு வரி, வடிக்கும்போது ஒரு வரி. வெள்ளிக்கிழமை எழுதி முடித்து எங்களிடம் காட்டினா. கதையில் ஒன்றுமே நடக்கவில்லை. பூமணி கரையில் இறங்கினாள். தலையைத் துவட்டினாள். காய்ந்த சீலை உடுத்தாள். இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்தாள். மழை விட்டதும் திரும்பி வந்து, தன் பாயில் படுத்தாள். அவ்வளவுதான். ஆனால் வாசித்து முடித்ததும் எனக்கு ஏனோ பெருமூச்சு வந்தது.

பர்ஹானா முகநூலில் ஒரு பக்கம் திறந்து, வாவிக் கரைப் படம் ஒன்றைப் போட்டு, அதை ஏற்றிவிட்டாள். எங்களுக்குத் தெரிந்த நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். ஒரு கிழமைக்குள் சுவிசிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒருவர், கட்டாரில் வேலை செய்கிற ஏறாவூர்ப் பொடியன் ஒருவன் என்று வரிசையாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். எல்லாரும் அந்த நாவலைச் சின்ன வயதில் வாசித்தவர்கள். எல்லாருக்கும் பூமணியை மறந்துவிட்ட வெட்கம். இன்னும் எழுதுங்கள் என்றார்கள். அக்கா எழுதினா.

எழுதியவற்றில் பெரிய விபத்து ஒன்று நடந்தது. பூமணி வள்ளத்தில் ஏறினாள் என்று எழுத வேண்டிய இடத்தில், ஒற்றை விரல் ஒரு எழுத்துத் தவறி, பூமணி வெள்ளத்தில் இறங்கினாள் என்று போய்விட்டது. 'ஏறினாள்' எப்படி 'இறங்கினாள்' ஆனது என்பது இன்றுவரை தெரியாது, போனே யோசித்துப் போட்டிருக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் பக்கம் ஒப்பாரி வைத்தது. கனடாக்காரர் தனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று எழுதினார். அக்கா அதைப் பார்த்துத் தன் நெஞ்சைப் பிடித்தா. பர்ஹானா ஆஸ்பத்திரியில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எழுத்தைத் திருத்தினாள். கனடாக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அக்கா ஒரு கிழமையாக விசாரித்துக்கொண்டிருந்தா.

பிறகு மற்ற நாவல்களிலிருந்தும் முறைப்பாடுகள் வந்தன. இளவரசியை இறக்கிவிட்ட குதிரைவண்டிக்காரன் எங்கே போனான்? அரண்மனைக் கதவு உடைந்தபோது அங்கே நின்ற காவல்காரன் தப்பினானா? மருந்து வாங்கப் போன மாமா கடைசிவரை திரும்பவில்லையே? அக்கா ஒவ்வொருவரையும் தேடிப் போய், சாப்பாடு கொடுத்து, வீட்டில் சேர்த்தா. இவர் ஒரு ஆளைக் கூடக் கொல்ல மாட்டாரா என்று ஒரு வாசகர் அலுத்துக்கொண்டார். மற்ற வாசகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு விமர்சகர் இருக்கிறார். சிறுகதையும் எழுதுவார். இந்த எழுத்துகளில் முரண் இல்லை, மோதல் இல்லை, ஆகவே இது இலக்கியம் இல்லை என்று நீளமாக ஒரு பதிவு போட்டார். அக்கா துக்கப்படுவா என்று நாங்கள் பயந்தோம். அவ அந்தப் பதிவைப் பாதியில் விட்டுவிட்டு, மனிதரின் சிறுகதை ஒன்றைத் தேடி வாசித்தா. அதில் தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு நாயைக் கட்டிப் போட்டுவிட்டு, கதாநாயகன் வாழ்க்கை வெறுத்து ரயில் ஏறிப் போய்விடுகிறான். அடுத்த நாள் அக்காவின் பக்கத்தில் அந்த நாயை அவிழ்த்துவிட்டாயிற்று. கடைக்காரர் பாண் துண்டு போட்டார், நாய் தின்றது. விமர்சகர் அதன்பின் சில மாதம் ஒன்றும் எழுதவில்லை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அந்தக் கோல் வந்தது.

பூமணியைப் படைத்த எழுத்தாளரின் கடைசி மகன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ அவருக்கு எங்கள் பக்கத்தை அனுப்பியிருக்கிறார்கள். அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தபடியால் எங்களுக்கும் கேட்டது. யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றார். அக்கா ஒருவரையும் கேட்கவில்லை என்றா. இது சட்டப்படி பிழை என்று தெரியுமா என்றார். பிழைதான் ஐயா என்றா அக்கா. வருகிற சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் எங்கள் கம்பனியின் சட்ட அலுவலரைக் கேட்டேன். எழுதியவர் இறந்தாலும் உரிமை குடும்பத்துக்குத்தான், வழக்குப் போட்டால் சிக்கல்தான் என்றார். பக்கத்தை உடனே அழித்துவிடுவோம் என்றாள் பர்ஹானா. அக்கா சம்மதிக்கவில்லை.

"ஊரார் வீட்டுப் புள்ளையைக் கேக்காமக் கொண்டு வந்து வச்சிரிக்கன். அவர் வந்து புள்ள எங்க எண்டா, அழிச்சுப் போட்டன் எண்டு சொல்லவா?"

அவவுக்கு விளங்கியது ஒன்றுதான். சனிக்கிழமை அந்த மனிதர் வந்து பூமணியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கொண்டுபோய் மறுபடியும் அந்த மழைக்குள் விட்டுவிடுவார். அதற்கு முன் அவளுக்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும்.

அந்தக் கிழமை வீடு தலைகீழானது. சோறு குழைந்தது, பருப்பு அடிப்பிடித்தது, அக்கா போனை விட்டு விரலை எடுக்கவில்லை. திங்கட்கிழமை பூமணிக்கு ஒரு தச்சுத் தொழிலாளியோடு கலியாணம். செவ்வாய் வீடு கட்டிக் கிணறு வெட்டியாயிற்று. புதன்கிழமை காலை ஆண் பிள்ளை, பின்னேரம் பெண் பிள்ளை. வியாழன் இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள். வெள்ளிக்கிழமை மகளுக்கும் கலியாணம் முடிந்து, பூமணிக்குக் கண்ணில் பூ விழுந்து, ஒப்பரேசனும் நல்லபடியாக முடிந்தது. வாசகர்கள் திணறிப்போனார்கள். நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு இன்று எப்படி மீசை என்று சுவிஸ்காரர் கேட்டார். பதில் சொல்ல அக்காவுக்கு நேரம் இல்லை.

சனிக்கிழமை காலை எஞ்சினியர் ஐயா வந்தார். நெடிய மனிதர், கையில் குடை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட். அக்கா இறால், கணவாய், சீனி வருத்தம் இருந்தால் என்று குரக்கன் பிட்டு, பல் இல்லாவிட்டால் என்று கஞ்சி எல்லாம் செய்து வைத்திருந்தா. சாப்பிட வரவில்லை என்று சொல்லிவிட்டு மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். அக்கா எழுதியது முழுவதையும் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனை. நானும் பர்ஹானாவும் கதவடியில் நின்றோம். அக்காவின் கை சாறித் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"அந்தத் தச்சன் ஆர்?" என்று கேட்டார்.

அக்காவுக்கு விளங்கவில்லை.

"எங்கட அப்பா வளத்த புள்ள. ஆரைக் கேட்டு, எந்த ஊர், என்ன குணம் எண்டு பாக்காம, ஒரு திங்கக்கிழமையில கலியாணத்த முடிச்சு வச்சிரிக்கிறீங்க?"

"நேரம் இருக்கல்ல ஐயா," என்றா அக்கா. "நல்ல பொடியன். குடி இல்ல."

"குடி இல்ல எண்டு எந்த இடத்துல இரிக்கு?" என்று தாள்களைப் புரட்டினார்.

"எழுதல்ல. ஆனா இல்ல."

பர்ஹானா என் கையைக் கிள்ளினாள். இந்த மனிதர் வழக்குப் போட வந்தவர் இல்லை, பெண் வீட்டுக்காரராக வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. பிறகு அவரே சொன்னார். கோபத்தில்தான் கோல் எடுத்தாராம். அதன் பிறகு, பூமணி யார் என்று தனக்கே நினைவில்லை என்பது உறைத்ததாம். தகப்பனின் புத்தகத்தை எடுத்துத் தேடியிருக்கிறார். மழையும் வள்ளமும் இருந்தன. அவள் இல்லை. ரயிலில் வரும்போதும் தேடிக்கொண்டே வந்தாராம். இதைச் சொல்லும்போது மனிதர் எங்களைப் பார்க்கவில்லை, யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எஞ்சினியர் எஞ்சினியர்தான். உடனே நிமிர்ந்து, முதல் அத்தியாயமே பிழை என்றார். மேசையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலால் வாவியைக் கீறினார். இது இக்கரை, இது அக்கரை, மாரி மழை, வாடைக் காற்று இப்படி அடிக்கும். அந்தக் காற்றுக்கு எதிராக வள்ளம் அன்றைக்கே திரும்பி வர ஏலாது. பூமணி இரண்டு மூன்று நாள் அக்கரையில் தங்கியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஆர்ர வீட்ட?"

எஞ்சினியர் அதை யோசித்திருக்கவில்லை. வாத்தியார் வீட்டில் என்று மெதுவாக இழுத்தார். கலியாணம் முடிக்காத வாத்தியார் வீட்டில் ஒரு வயதுவந்த பெண்பிள்ளையா என்று அக்கா எழும்பிவிட்டா. காற்றை மாற்ற ஏலாது என்றார் அவர். காற்று மாறாவிட்டால் இந்தக் கதையே வேண்டாம் என்றா அக்கா. அரை மணித்தியாலம் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இறால் ஆறிக்கொண்டிருந்தது. வழக்கு என்ற சொல் மறுபடியும் வாயில் வந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

பர்ஹானாதான் கதவடியிலிருந்து சொன்னாள். "வள்ளக்காரர்ர உம்மா வீட்ட நிண்டா என்ன?"

இருவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். எஞ்சினியர் யோசித்தார்.

"கிழவிக்குக் கண் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்," என்றா அக்கா.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பினார். இறாலும் சாப்பிட்டார், கணவாயும் சாப்பிட்டார், கஞ்சியையும் விடவில்லை. போகும்போது தன் நிபந்தனையைச் சொன்னார். புத்தகமாகப் போடலாம். ஆனால் அந்த அவசரக் கலியாணத்தை அழித்துவிட்டு ஆறுதலாக எழுத வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் தனக்கு வர வேண்டும்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சத்தம் தாங்க முடியாது. அவர் கொழும்பிலிருந்து கத்துவார், இவ இங்கிருந்து கத்துவா. கிணற்றின் ஆழம் போதாது என்பார். ஆழம் கூடினால் பிள்ளைகள் விழுந்துவிடும் என்பா. தச்சுத் தொழிலாளியின் குணத்தை நிரூபிக்கவே ஒரு மாதம் போனது. புத்தகம் வர ஒரு வருசத்துக்கு மேல் எடுத்தது.

வெளியீட்டு விழா டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தின் மின்விசிறிகள் கழன்று விழாது என்று பராமரிப்பாளரிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் அக்கா உள்ளே வந்தா. எஞ்சினியர் முன்வரிசையில் இருந்தார். நாய்க் கதை விமர்சகரும் வந்திருந்தார். மனம் மாறி, இது ஒரு புதுவகை இலக்கியம் என்று நெடுநேரம் பேசினார். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏற்புரைக்கு அழைத்ததும் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தா.

"மழை வரப் போகுது. இனி ஆரும் பேச வேணாம். எல்லாரும் சுறுக்கா வீட்ட போங்க."

மட்டக்களப்பில் இவ்வளவு கைதட்டல் வாங்கிய ஏற்புரையை நான் கேட்டதில்லை. இரண்டு பேர் இன்னும் பேச இருந்தார்கள். அவர்கள்தான் கைதட்டவில்லை.

பிறகு எனக்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றம் வந்தது. நான் போய்ச் சில மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியர் அக்காவுக்கு வழக்கமான கோல் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அக்கா எடுத்தால் பதில் இல்லை. இத்தனை காலமும் அவவின் பதற்றத்தைப் பார்த்துச் சிரித்த எனக்கு, அந்த முறை சிரிப்பு வரவில்லை. வேலை முடிந்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். இருதயத்தில் சத்திரசிகிச்சை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு பஸ் தரிப்பிடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சொன்னேன்.

ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் அக்கா கேட்டா. வாழைச்சேனைக்கு அப்பால் உலகம் இருப்பதைச் செய்தியில் மட்டுமே கேட்டவ. ரயில் பாலத்தின் பெயரைச் சொன்னாலே கண்ணை மூடுகிறவ. தனியாக ஏறி, ஒரு சாப்பாட்டுக் கரியரை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டை ஸ்டேசனில் வந்து இறங்கினா. முகம் வெந்தயக் களி மாதிரிக் கிடந்தது. வழியில் பயமாக இருந்ததா என்று கேட்டேன். ஓம் என்றா.

ஆஸ்பத்திரியில் எஞ்சினியர் மெலிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். பேசக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தா. அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. அடுத்த புத்தகத்துக்காகத் திரும்பவும் ஆறுதலாக எழுதிக்கொண்டிருக்கும் குதிரைவண்டிக்காரனின் கதையைச் சொல்லத் தொடங்கினா. வண்டிக்காரன் இளவரசியை இறக்கிவிட்டு, பொழுது சாய முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான் என்றா. எஞ்சினியரின் விரல் ஒன்று போர்வைக்கு மேலே எழும்பியது.

"அந்தத் தூரத்துக்கு... குதிரைக்கு ஏலா," என்றார்.

"நல்ல குதிரை," என்றா அக்கா.

"எந்த அத்தியாயத்துல இரிக்கு?"

தாதி ஓடி வந்து எங்களை வெளியே போகச் சொன்னா. அவர் பிறகு சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து முதல் வேலையாகக் குதிரைக்கு ஒரு இரவு ஓய்வு வேண்டும் என்று நீளமாக எழுதி அனுப்பினார். அக்கா விட்டுக்கொடுத்தா. இருவரும் சண்டை பிடித்த காலம் முழுவதிலும் அவ முதன்முதலாக விட்டுக்கொடுத்தது அதுதான்.

தாதி விரட்டிய அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தோம். முன்னால் கொழும்பு வீதி. பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் ஒன்றையொன்று முட்டாத குறையாக ஓடிக்கொண்டிருந்தன. அக்கா என் கையைப் பிடித்தா. விரல்கள் குளிர்ந்து போயிருந்தன. ஆனால் என்னைத் தன் மற்றப் பக்கம் தள்ளி, வாகனம் வருகிற பக்கத்தில் தான் நின்றுகொண்டா. கடந்து அடுத்த கரைக்கு வந்த பிறகும் கையை விடவில்லை. தெருவில் போனவர்கள் எங்களைப் பார்த்தார்கள். முப்பது வயதுக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு கையில் தொங்கிக்கொண்டு, கோட்டை ஸ்டேசன்வரை அப்படியே நடந்து போனேன். வழியில் பஸ் இருந்தது. நான் சொல்லவில்லை.